பத்தேல் திரும்பும் வழி

சஜிதாவின் கைப்பையில் எந்நேரமும் விதவிதமான நிறங்களில் நகப்பூச்சுப் போத்தல்கள் கிடக்கும். அவளுடைய நகங்களிலோ ஒரு பொட்டு நிறம் இருக்காது. பாமசி மருந்துக்கடையில் காசு வாங்கும் பெண் இவளைப் பெரிய அலங்காரப் பிரியை என்று நினைத்து, புதிதாக வந்த நிறங்களையெல்லாம் எடுத்துக் காட்டுவாள். சஜிதாவும் ஒன்றிரண்டை வாங்கிக்கொண்டு பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வருவாள். அந்தப் பூச்செல்லாம் பல்கலைக்கழகத்தின் நிலவறையில், ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள், பாறையோடு ஒட்டிக்கிடக்கும் பிராணிகளின் முதுகுக்குப் போகிறது என்பதை அவள் யாருக்கும் சொல்வதில்லை. முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் கட்டாத ஒருத்தி தன் வேலையை விளக்கத் தொடங்கினால், கேட்பவர்கள் கல்யாணத்தைப் பற்றித்தான் திருப்பிக் கேட்கிறார்கள்.

அந்தப் பிராணிக்குப் பிரெஞ்சில் பத்தேல் என்று பெயர். தமிழில் என்னவென்று அவளுக்குத் தெரியாது. மாதா கோயிலில், கடலோர ஊரான மன்னாரிலிருந்து வந்த சிலரைக் கேட்டுப் பார்த்தாள். ஏதோ ஒரு சிப்பி என்று சொல்லிக் கதையை முடித்துவிட்டார்கள். கவிழ்த்துவைத்த சின்னக் கிண்ணம் போல ஓர் ஓடு, அதற்குக் கீழே நத்தைக்கு இருப்பதுபோல ஒற்றைக் கால், அவ்வளவுதான் பத்தேல். அலை அடிக்கிற பாறைதான் அதற்கு வீடு. பிரான்சின் பிரித்தானிக் கரையில் பிறந்து வளர்ந்த பேராசிரியர் ஒருவர், கனடாவில் கடலே இல்லாத மொன்ட்ரியாலுக்கு, அவற்றைக் கல்லோடு சேர்த்து ஈரக் கடற்பாசியில் சுற்றி விமானத்தில் கொண்டுவந்திருந்தார். தொட்டியில் கடலின் வேலையை ஒரு மோட்டர் பார்த்தது. நாளுக்கு இரண்டு தடவை தண்ணீரை ஏற்றும், இரண்டு தடவை இறக்கும். அந்தத் தொட்டிக்குப் பொறுப்பான ஆய்வுகூட உதவியாளர் சஜிதா.

பார்க்கிறவர்களுக்குப் பத்தேல் ஒரு சோம்பேறி. தண்ணீர் வற்றியிருக்கும்போது கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், அதன் பிறகு யார் இழுத்தாலும் அசையாது, உடும்புப்பிடிதான். தண்ணீர் மூடியதும் ஓட்டை மெல்லத் தூக்கிக்கொண்டு புறப்படும். கல்லில் படர்ந்த பாசியை அரம் போன்ற நாக்கால் சுரண்டித் தின்றபடி ஒரு முழம் தூரம் போகும். தண்ணீர் வற்றுவதற்குள் திரும்பிவிடும். திரும்புவது என்றால் ஏதோ ஓர் இடத்துக்கு அல்ல. புறப்பட்ட அதே இடத்துக்கு, முன்பிருந்த அதே பக்கம் பார்த்தபடி. அங்கே அதன் விளிம்பின் அளவிலேயே கல்லில் ஒரு தழும்பு இருக்கும். மென்மையான கல்லென்றால் ஓடு கல்லைத் தேய்த்து அந்தத் தழும்பை உண்டாக்குகிறது. கடினமான கல்லென்றால் கல் விட்டுக்கொடுக்காது. ஓடுதான் கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து வளர்கிறது. இரண்டும் இடைவெளி இல்லாமல் பொருந்துவதால்தான், வெயிலில் உள்ளே இருக்கும் தண்ணீர் காயாமல் அது உயிர் பிழைக்கிறது.

அது எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதுதான் பேராசிரியரின் கேள்வி. போகும்போது விட்டுச்சென்ற சளிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது என்பது பாதி விடை. மீதி விடைக்காக, ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் தழும்புக்குப் பக்கத்திலும் ஒரே நிறத்தில் நகப்பூச்சுப் பொட்டு வைத்து, யார் வீட்டுக்கு வந்தார், யார் வரவில்லை என்று சஜிதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்த நிலவறை பிடித்திருந்தது. யாரும் வந்து எதுவும் கேட்பதில்லை. மோட்டர் சத்தத்துக்கு மேலால் அவள் தமிழில் ஏதாவது சொல்லுவாள். சிவப்புப் பொட்டுக்காரர் இன்னும் வெளிக்கிடவில்லையா என்று விசாரிப்பாள். சில நாட்களில் காலை முதல் மாலைவரை தன் வாயிலிருந்து வந்த பேச்சே அவ்வளவுதான் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அவளுக்கு உறைக்கும். அப்போது யாரோடாவது கதைக்கவேண்டும் போலிருக்கும். பிறகு வீட்டில் அப்பா இருக்கிறார் என்ற நினைப்பு வரும், சரியாகிவிடும்.

மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருவரும் குடியிருந்தார்கள். அப்பா நீக்கிலாப்பிள்ளை மன்னார்க் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். அம்மா போன பிறகு அவருடைய ஞாபகம் ஒரு பக்கத்தால் கசியத் தொடங்கியது. சாப்பிட்டதை மறந்தார். பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றிப் போட்டார். ஆனால் காலையில் சஜிதா வேலைக்குப் போனதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தெருமுனையிலிருக்கும் தெப்பனர் என்கிற சின்னக் கடைக்கு நடந்துபோய், ஒரு பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வருவதை மட்டும் மறக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே பாண் இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. குளிர்பெட்டியின் மேல்தட்டு முழுக்கப் பாண். காலையில் பாண், மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போவதும் பாண், இரவில் பாணும் சம்பலும் என்று சஜிதா முறுமுறுக்காமல் தின்றுகொண்டிருந்தாள்.

அக்கா அனோஜினி ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் வீடு வாங்கியிருந்தாள். கீழ்த்தளத்தில் அப்பாவுக்கென்று ஓர் அறையை ஒழுங்குபண்ணி, படுக்கை விரித்து, சுவரில் அந்தோனியார் படமும் மாட்டிவிட்டு, ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க அவள் வீட்டில்தான் நிற்கிறாள், பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள், அப்பா தனியாக இருக்கத் தேவையில்லை. அவள் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் சஜிதாவுக்குக் கோபம். அப்பா இந்த வீட்டுக்குப் பழகிப்போனார், இடம் மாறினால் தாங்கமாட்டார் என்பாள். தினமும் தனியாகக் கடைக்குப் போய், ஒரு நாளும் பிசகாமல் தன் கதவுக்குத் திரும்பி வருகிற மனிதரை எதற்குப் பிடுங்கவேண்டும் என்பாள். அதுவும் எடுபடாவிட்டால் பத்தேலைத் துணைக்கு அழைப்பாள். அதைப் பிடுங்கி வேறு கல்லில் வைத்தால் விளிம்பு பொருந்தாமல் காய்ந்து செத்துப்போகும் என்பாள்.

அவள் சொன்னது பாதி உண்மை. இடம் மாறிய பத்தேல்களில் சில, ஈரமான நல்ல மூலை ஒன்று கிடைத்தால், மெல்ல மெல்லப் புதுக் கல்லுக்கு ஏற்றபடி விளிம்பை வளர்த்துக்கொண்டு பிழைத்துவிடுகின்றன. இந்த மீதிப் பாதியை அவள் அக்காவிடம் சொன்னதே இல்லை. ஆராய்ச்சிக்காரர்களும் மனிதர்கள்தானே.

புதுவருடத்துக்கு வந்திருந்தபோது அனோஜினி தங்கையைச் சமையலறையில் தனியாகப் பிடித்தாள்.

"சரி, அவர் இங்கயே இருக்கட்டும். ஆனா ஒருக்கா வழி தவறினாரெண்டால், நான் வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன். பேந்து நீ ஒண்டும் கதைக்கக் கூடாது, சஜி."

சஜிதா ஓம் என்று தலையாட்டினாள். வேறு என்ன சொல்வது? அப்பா போய்விட்டால் அந்த வீட்டில் அவளோடு பேச ஒருவரும் இல்லை. சிநேகிதிகள் ஒவ்வொருவராகக் கல்யாணம் கட்டி ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். அப்பா தாங்கமாட்டார் என்று ஊருக்குச் சொன்னாளே தவிர, தாங்கமாட்டாதவள் யார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அது 2008ஆம் ஆண்டு. அந்தக் குளிர்காலத்தில் கொட்டிய பனியை ஒதுக்கி ஒதுக்கியே தெருவின் இரு பக்கமும் மதில் எழும்பிவிட்டது. பெப்ரவரி பிறந்ததும் பிறக்காததுமாகத் திருநீற்றுப் புதன் வந்தது. போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் ஆசீர்வதித்துக் கொடுத்த ஓலையைச் சிலுவையாக மடித்து, எங்கள் ஆட்கள் வீட்டுக் கதவில் ஒட்டியிருப்பார்கள். திருநீற்றுப் புதனுக்கு முன் அதைக் கழற்றிக் கோயிலில் சேர்க்கவேண்டும். அதை எரித்த சாம்பலைத்தான் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். புது ஓலை அடுத்த குருத்தோலை ஞாயிறுக்குத்தான் வரும். அதுவரை கதவு வெறுமனே இருக்கும்.

பனியில் எல்லாராலும் வரமுடியாது என்பதால், அந்த வட்டாரத்துத் தமிழ் வீடுகளுக்குத் தானே போய் ஓலை சேர்ப்பதைக் கோயில் பெண்கள் சபைப் பிலோமினம்மா தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். கோயில் வேலை என்று வந்துவிட்டால் அவரைப் பனியாலும் தடுக்க முடியாது, பங்குத்தந்தையாலும் தடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை காலை சஜிதா வேலைக்குப் புறப்படும் நேரம் பார்த்துப் பையும் கையுமாக வாசலில் வந்து நின்றார். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இந்த வீட்டு ஓலை மட்டும் வரவில்லை என்பதை நினைவுபடுத்தினார். சஜிதாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே கதவிலிருந்த சிலுவையைக் கழற்றிக் கொடுத்தாள். அது இருந்த இடத்தில் ஒட்டுநாடாவின் அழுக்குப் படிந்திருந்தது. எதையும் அழுக்காக விட்டுப் பழக்கமில்லாதவள், கண்ணாடி துடைக்கும் தண்ணீரை அடித்து, இருந்த சுவடே தெரியாமல் துடைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அப்பா உள்ளே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று ஆய்வுகூடத்தில் அவளுக்கு இருந்த வேலையைச் சொன்னால், கதைக்காகச் சோடித்தேன் என்பீர்கள். பத்தேல்கள் மேயப் போனதும், அவை போன தடத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு என்ன செய்கின்றன என்று பார்க்கவேண்டும். தண்ணீர் ஏறியது, அவை புறப்பட்டன, அவள் முழங்கைவரை கையுறை போட்டுக்கொண்டு பின்னாலேயே தேய்த்தாள். திரும்பும் நேரத்தில் ஒன்றிரண்டு எப்படியோ வீடு சேர்ந்தன. மற்றவை தேய்த்த இடம்வரை வந்து நின்றன. தலையை இந்தப் பக்கம் நீட்டின, அந்தப் பக்கம் நீட்டின, வந்த இடத்தையே சுற்றின. சிவப்புப் பொட்டுக்காரர் தன் தழும்பிலிருந்து ஒரு விரல் தூரத்துக்கு வந்தும் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விட்டார். பாவம் என்று சொல்லிக்கொண்டே அவள் அதைக் குறித்துவைத்தாள். வீட்டுக் கதவு அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. அப்பா எப்படித் தன் கதவைக் கண்டுபிடிக்கிறார் என்ற கேள்வியை, அதே கேள்விக்குச் சம்பளம் வாங்குகிற சஜிதா ஒரு நாளும் கேட்டதில்லை.

பின்னேரம் அவள் வந்து கதவைத் திறந்தபோது வீட்டில் ரீவி ஓடவில்லை. அப்பாவின் சப்பாத்து இல்லை, குளிர்ச்சட்டை இல்லை. மேசையில் அன்றைய பாணும் இல்லை.

போட்ட சப்பாத்தோடு அப்படியே கடைக்கு ஓடினாள். கடைக்காரர் காலையிலேயே வந்து பாண் வாங்கிக்கொண்டு போனாரே என்றார். வழக்கமான நேரம்தான், வழக்கம்போலப் போன்ஜூர் என்று வணக்கம் சொல்லித் தொப்பியைத் தொட்டுவிட்டுத்தான் போனார் என்றார். சஜிதா தெருவின் ஒரு கரையால் போய் மற்றக் கரையால் வந்தாள். பஸ் தரிப்பில் பார்த்தாள். பனி மதில்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்படி எட்டிப் பார்க்கும்போது எதைத் தேடுகிறாள் என்பதை நினைக்காமல் அடுத்த மதிலுக்குப் போனாள்.

கைத்தொலைபேசியை எடுத்து அக்காவின் எண்ணை வரவழைத்துவிட்டு, அழுத்தாமல் நின்றாள். அழுத்தினால் அப்பா போய்விடுவார். பொலிஸுக்குத் தொலைபேசி அடித்தாலும் அக்காவுக்குத் தெரிந்துவிடும். இந்தக் குளிரில் வயதான மனிதர் எங்கேயோ நிற்கும்போது, தான் இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்கிறாளே என்பது அவளுக்கு விளங்கியது. விளங்கியும் விரல் அசையவில்லை. தன்மீது அவ்வளவு அருவருப்பு அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. கட்டடத்துக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு அடிப்போம் என்று தனக்குத் தானே தவணை சொல்லிக்கொண்டு திரும்பி ஓடினாள்.

மூன்று மாடியும் ஒரே அச்சு. ஒரே மண்ணிறக் கதவு, ஒரே பித்தளைப் பிடி. இரண்டாம் மாடியைக் கடக்கும்போது ஒரு கதவில் அவள் கண் நின்றது. காய்ந்த குருத்தோலை ஒன்று, சிலுவையாக மடிக்காமல் முழுதாக, அங்கே செருகியிருந்தது. அது ஹெய்ட்டிக்காரியான மதாம் செலஸ்தீனின் வீடு. அவரும் கத்தோலிக்க வேதக்காரர்தான். ஆனால் பிலோமினம்மாவின் பை தமிழ் வீடுகளோடு நின்றுவிடும்.

சஜிதா படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா மாடியை எண்ணியும் வந்ததில்லை, இலக்கத்தைப் பார்த்தும் வந்ததில்லை. ஓலைச் சிலுவையைப் பார்த்து வந்திருக்கிறார். மேல்மாடிக்கு ஏறியிருப்பார், பளபளவென்று ஒரு கதவு, அதில் ஓலை இல்லை, இது நம் வீடு இல்லை என்று இறங்கி, ஓலை இருந்த இந்தக் கதவுக்கு வந்திருப்பார். அந்தக் கதவைத் திறக்கும் திறப்பு அவருடைய சட்டைப்பையில்தான் இருந்திருக்கும்.

மதாம் செலஸ்தீனோடு இத்தனை வருடத்தில் அவளுக்குப் போன்ஜூருக்கு மேல் பேச்சில்லை. சஜிதா மிக்சியில் சம்பல் அடித்தால் அவர் கீழிருந்து விளக்குமாற்றுத் தும்புத்தடியால் கூரையைத் தட்டுவார். அவ்வளவுதான் அயலட்டை உறவு. இப்போது கதவைத் திறந்த அந்த அம்மா, இவள் முகத்தைப் பார்த்ததும் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். பிரெஞ்சில் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். காலையில் பூட்டில் யாரோ திறப்பைப் போட்டுத் திருகுகிற சத்தம் கேட்டதாம். திறந்தால், மனிதர் தொப்பியைத் தொட்டுவிட்டு நேரே உள்ளே வந்து பாணை மேசையில் வைத்தாராம். இவர் மேலே போய்க் கதவைத் தட்டிப் பார்த்தாராம், யாரும் இல்லை. வெளியே விட மனம் வராமல் தன்னோடேயே வைத்துக்கொண்டாராம். இருவரும் பாணும் அவரைக் கறியும் சாப்பிட்டார்களாம், அவர் தமிழில் கதைத்தாராம், இவர் தன் கிரெயோல் மொழியில் கதைத்தாராம். பிறகு கொஞ்சம் தயங்கி, இந்த வீட்டில் பகலில் ஒரு மனிதக் குரல் கேட்டு நிறைய நாளாகிவிட்டது என்றார்.

அப்பா சமையலறையில் யாரோ ஒருவருடைய பழைய செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டில் சிவப்பு அவரை விதைகள். கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பயம் இல்லை, கலக்கம் இல்லை. சஜிதா இவ்வளவு நேரமும் மனதில் பார்த்துப் பதறிய முகம் அதுவல்ல. பக்கத்தில் போய்க் குந்தி அவருடைய முழங்காலைப் பிடித்தாள்.

"அப்பா, வாங்கோ. வீட்ட போவம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கச்சேரிக்கு முறைப்பாட்டோடு வருகிறவர்களைப் பார்க்கிற மரியாதையான பார்வை அது.

"இரும் பிள்ளை. என்ர மகள் இப்ப வேலையால வந்திடுவாள். என்ன விஷயமெண்டாலும் அவளோட கதையும்."

பெயர்கள் மாறிப்போனதுண்டு. அம்மா என்று நினைத்து அவளைக் கூப்பிட்டதும் உண்டு. ஆனால் யாரென்றே தெரியாமல் பார்த்தது இதுதான் முதல் தடவை. எந்த மகள் என்று கேட்டாள்.

"இளையவள். மூத்தவள் புரோசார்ட்டில நல்லா இருக்கிறாள். வா வா எண்டு என்னைக் கூப்பிடுறாள். எனக்கும் போக விருப்பம்தான், அங்க பிள்ளையள் இருக்கினம்." ஓர் அவரையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தட்டில் போட்டார். "ஆனா இவளை விட்டிட்டு எப்பிடிப் போறது? இவளுக்கு ஒருத்தரும் இல்லை. பின்னேரம் வாற நேரம் வீட்டில ஆரும் இருக்கவேணும்."

சஜிதா குந்தியபடியே இருந்தாள். அப்பாவைத் தான்தான் பிடித்துவைத்திருக்கிறாள் என்று இவ்வளவு நாளும் உள்ளுக்குள் குற்ற உணர்வோடு இருந்தாள். அவர் தெரிந்துகொண்டே தனக்காகத் தங்கியிருக்கிறார் என்பது அவளுடைய யோசனையிலேயே இல்லை. எல்லாவற்றையும் மறந்துகொண்டு வந்த மனிதர் அதை மட்டும் மறக்கவில்லை. அவளுக்கு வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. மதாம் செலஸ்தீன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவள் அதில் ஏறி, அப்பாவுக்கு எதிரே, வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள்.

"அவவை எனக்குத் தெரியும், ஐயா." அப்பாவை அவள் ஒரு நாளும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. "அவ சமாளிச்சிடுவா. நீங்கள் மூத்த மகளிட்டப் போங்கோ."

அவர் கையை நிறுத்திவிட்டு அவளைக் கூர்ந்து பார்த்தார்.

"மெய்யே?"

"மெய்தான், ஐயா."

"அப்ப நீரே அவளுக்குச் சொல்லும், பிள்ளை. நான் சொன்னா அழுவாள்."

சொல்லுறன் என்றாள் சஜிதா. மேசைக்குக் கீழே கையை வைத்து அக்காவின் எண்ணை அழுத்தினாள். அப்பா அவரை விதைத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, மகள் வருகிற நேரமாகிவிட்டது என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.